கடலடிச் சான்றாளர்

ஓர் ஊரின் நலந்தீங்குகளை அறிய விழைபவர் அவ்வூர் வழியே செல்லும் வழிப்போக்கரை வினவார். அங்கு நெடுங்காலம் குடியிருந்தோரையே வினவுவர். கடலின் நிலையை ஆராய்வோரும் இம்முறையையே கைக்கொள்கின்றனர். கடல்நீர் ஓரிடத்தில் நில்லாதது. காலையில் முகந்த நீரிற் கண்ட எண்ணெய், மாலைக்குள் நீரோட்டத்தோடு அகன்றுவிடக்கூடும். மீன்களோ தீங்கு கண்டவிடத்து வேற்றிடம் நாடி நீந்திவிடும். ஆனால், கடற்படுகையில் ஒட்டி வாழும் கடற்பஞ்சுகளும், மண்ணுட் புதைந்து கிடக்கும் சிப்பிகளும் புழுக்களும் அவ்வாறு எளிதில் அகல இயலாதவை. தம்மேல் விழுவன எல்லாவற்றையும் அவை ஏற்றே ஆகவேண்டும். ஆகவே, பல ஆண்டுகளில் அவ்விடத்திற்கு நேர்ந்தவற்றை அவற்றின் வாழ்வும் சாவும் காட்டிவிடுகின்றன.

இம்முறை உலகின் பல கடற்கரைகளிலும் பயன்படுகிறது. எனினும், துருவக் கடல்களில் இதன் தேவை மிகுதி. அண்டார்க்டிக்காவின் மக்மர்டோ நீரிணையில் நீரின் வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதியும் சுழிக்குக் கீழே 1.8 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும். அக்குளிரில் உயிர்கள் பெரும்பாலும் மெல்ல வளர்ந்து நெடுநாள் வாழ்வன. நம் கடல்களில் விரைவிற் சிதைந்துவிடும் எண்ணெயும் அங்கே எளிதிற் சிதைவதில்லை. ஆதலின், அங்கு ஒருமுறை நேர்ந்த கேடு பல்லாண்டு நிலைத்துவிடும்.

அந்நீரிணையின் அடிப்பரப்பை 1960-களில் பால் டேட்டன் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் தோழரும் நீரில் மூழ்கி ஆராயத் தொடங்கினர். உறைந்த கடலின் மேற்பரப்பிலே துளையிட்டு, அதன் வழியே கீழிறங்கிய அவர்கள் கண்ட காட்சி வியப்புக்குரியது. ஏறத்தாழ 15 மீட்டர் ஆழம் வரை கடலடி பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தது. அதற்குக் கீழே 33 மீட்டர் வரை கடற்சாமந்திகளும் மென்பவளங்களும் மிகுந்திருந்தன. அதனினும் ஆழத்திலே கடற்பஞ்சுகள் அடர்ந்து நின்றன. அவ்வினங்களுள் ஒன்று ஆளுயரம் வரை வளரவல்லது. இவ்வடுக்கமைப்புக்குக் காரணம் பனிக்கட்டியே. ஆழம் குறைந்த இடங்களிற் கடலடியிலேயே பனிப்பளிங்குகள் தோன்றி, ஆங்குள்ள உயிர்களைப் பற்றிக்கொண்டு மேலே மிதந்துவிடும். மிதந்து வரும் பனிமலைகளும் கரையோரப் படுகையைத் தட்டி, ஏர் உழுதாற்போலக் கிளறிச் செல்லும். ஆக, மனிதன் கால்வைக்கும் முன்பே அக்கடலடி அழிவையும் ஆக்கத்தையும் மாறி மாறிக் கண்டு வந்துள்ளது. இவ்வுண்மையை மறந்தவர், வெறும் மணலைக் கண்டவுடன் மனிதர்மீது பழி சுமத்திப் பிழைபடுவர்.

ஆராயும் முறை எளியது. ஆனால் மிகுந்த பொறுமையை வேண்டுவது. குறித்த அளவுள்ள குழாயொன்றைப் படுகையில் அழுத்தி மண்ணை எடுப்பர். அதனை நுண்ணிய கண்களையுடைய சல்லடையில் அலசி, எஞ்சிய உயிர்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து வகைபிரித்து எண்ணுவர். எத்தனை உயிர்கள் என்னும் வினாவினும், எத்தனை வகைகள் என்னும் வினாவே முதன்மையானது. நலமுள்ள மண்ணில் புழுக்கள், சிப்பிகள், இறாலையொத்த சிறு ஓட்டுயிர்கள் எனப் பலவும் கலந்து வாழும். மாசு மிக்க மண்ணிலோ வகைகள் குன்றும். மாசைத் தாங்கவல்ல ஓரிரு வகைப் புழுக்கள் மட்டும் பெருந்திரளாகப் பெருகும். அவற்றுட் பெயர்பெற்றது காப்பிடெல்லா என்னும் செந்நிறப் புழு. தலையை மட்டும் எண்ணுபவருக்கு அவ்விடம் செழிப்புள்ளதாகவே தோன்றும்! பயிர் பட்டுப்போன வயலிலே களை தழைத்திருப்பதைக் கண்டு மகிழ்வது போன்றதே அது.

மக்மர்டோவில் அமெரிக்க ஆய்வு நிலையம் 1955-56ஆம் ஆண்டுக் கோடையில் அமைந்தது. அதனருகே விண்டர் குவார்ட்டர்ஸ் என்னும் சிறு குடா உள்ளது. ஸ்காட் என்பாரின் ‘டிஸ்கவரி’ என்னும் கப்பல் 1902-இல் குளிர்காலத்தைக் கழிக்க அங்குத் தங்கியதால் அப்பெயர் வந்தது. நிலையத்தின் குப்பைகள் பல்லாண்டுகள் அக்குடாவின் கரையிலே கொட்டப்பட்டன. சில பொருள்கள் உறைந்த கடலின் மீதே விடப்பட்டன. கோடையிற் பனி உருகியதும் அவை கண்ணுக்கு மறைந்தன. கடலுக்கு அவை எங்ஙனம் மறையும்? 2001-இல் நிலையத்தையடுத்த கடலடியை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 20 ஹெக்டேர் பரப்பில் 15 ஊர்திகளும், 26 சரக்குப் பெட்டகங்களும், 603 எரிபொருட் பீப்பாய்களும் கிடக்கக் கண்டனர். மண்ணில் எண்ணெயும் உலோகங்களும், மின்கருவிகளிற் பயன்பட்ட பிசிபி என்னும் நச்சுப்பொருளும் தங்கியிருந்தன. குடாவினுள் நீரோட்டம் மந்தமாதலின் அவை வெளியேறவில்லை. அங்கு வாழ்ந்தவை பெரும்பாலும் மாசைத் தாங்கும் சிலவகைப் புழுக்களே. குடாவைக் கடந்து சென்றால், பல்வகை உயிர்கள் செறிந்த தூய படுகை தென்பட்டது.

இங்கே ஓர் ஐயம் எழும். பனிமலை உழுத நிலத்திலும் முதலிற் குடியேறுவன இத்தகைய புழுக்களேயல்லவா? ஆம். அதனாலேயே, உயிர்களை எண்ணுவதோடு ஆராய்ச்சியாளர் நில்லாமல், மண்ணிலுள்ள நஞ்சையும் அளக்கின்றனர். கடலடியில் உருவாகும் பனியின் தீங்கு ஆழம் செல்லச் செல்லக் குறையும்; மாசின் தீங்கோ அது வந்து விழும் வாயிலிலிருந்து தொலைவு மிக மிகக் குறையும். ஆஸ்திரேலியாவின் கேசி நிலையத்தார் மேலும் ஒருபடி சென்றனர். தூய மண்ணையும் எண்ணெய் கலந்த மண்ணையும் தனித்தனித் தட்டுகளில் இட்டுக் கடலடியில் வைத்து, எவ்வெவ்வுயிர்கள் எதில் வந்து குடியேறுகின்றன என்று பார்த்தனர். ஐந்தாண்டு கழித்தும் மசகெண்ணெய் மண்ணில் எஞ்சியிருந்தது. அத்தட்டுகளில் வாழ்ந்த உயிர்க்கூட்டமும் வேறுபட்டேயிருந்தது.

குப்பை கொட்டாத இடத்திலும் மாற்றம் நேர்வதுண்டு. கிங் ஜார்ஜ் தீவிலுள்ள பாட்டர் குடாவில் பனியாறு ஆண்டுதோறும் பின்வாங்கி வருகிறது. உருகிய நீர் வண்டலை வாரிவந்து கடலிற் சேர்க்கிறது. நீரை உறிஞ்சி வடிகட்டி உண்ணும் அசீடியன் என்னும் பை வடிவ உயிர்கள் 1994-இல் அங்கு மிகுந்திருந்தன. 2010-இல் அவை பெரிதும் குறைந்து, வேறு உயிர்களும் கலந்து வாழும் நிலை தோன்றியிருந்தது. வண்டல் மிக்க நீர் அவற்றின் உணவு வாயிலை அடைத்துவிடுகிறது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட விளக்கம்.

அண்டார்க்டிக்கச் சூழலைக் காப்பதற்கான மாட்ரிட் உடன்பாடு 1991-இற் கையெழுத்தாகி, 1998-இல் நடைமுறைக்கு வந்தது. மக்மர்டோ நிலையத்தின் கழிவுநீர் 2003-இலிருந்து தூய்மைசெய்யப்பட்ட பின்னரே கடலில் விடப்படுகிறது. இதன் பயனைக் கடலடி உயிர்களைக் கொண்டு அறிய முற்பட்டபோது, எதிர்பாராத இடர் ஒன்று குறுக்கிட்டது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் ராஸ் பனியடுக்கிலிருந்து பி-15 என்னும் மாபெரும் பனிப்பாளம் பிரிந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீட்டர். அதன் துண்டுகள் அடுத்த சில ஆண்டுகள் நீரிணையின் பனி வெளியேறும் வழியை மறித்தன. கதிரவன் ஒளி குன்றியதால் நீரிலுள்ள நுண்பாசிகள் குறைந்தன. அவற்றை நம்பிய கடலடி உயிர்களும் உணவின்றி இளைத்தன. கழிவுநீர் வாயிலின் அருகே மட்டும் மண்ணெடுத்தவர், அங்கு நேர்ந்த குறைவு தூய்மைப் பணியால் வந்ததா, பசியால் வந்ததா என்று திகைத்திருப்பர். தொலைவிலுள்ள தூய இடங்களிலும் முன்பே மண்ணெடுத்து எண்ணி வைத்திருந்தமையால், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு இரண்டையும் பிரித்தறிய அவர்களுக்கு வழி கிடைத்தது.