கயானாவின் காடுகளும் இயற்கைச் சுற்றுலாவும்

தென் அமெரிக்கக் கண்டத்தின் வடகரையில் அமைந்துள்ள கயானா, அக்கண்டத்தில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே நாடாகும். அதன் பரப்பு ஏறத்தாழ 83,000 சதுர மைல்; மக்கள்தொகையோ 8 லட்சமளவே. இவர்களுள் பெரும்பாலோர் குறுகிய கடற்கரைச் சமவெளியில் வாழ்கின்றனர். 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரின் வழிவந்தோரே அங்குள்ள மிகப் பெரிய இனத்தார். சென்னை மாகாணத்திலிருந்து சென்றோர் அவர்களுள் சிறு பகுதியினரே. எனினும் அவர்கள் உடன் கொண்டுசென்ற மாரியம்மன் வழிபாடு இன்றளவும் நிலைத்துள்ளது. உட்பகுதியில் அடர்ந்த காடுகளும் புல்வெளிகளும் பரந்துள்ளன. மக்கூசி, வாப்பிசானா, பட்டமோனா முதலிய ஆதிகுடிகள் அங்கே வாழ்கின்றனர்.

1989-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் கூடிய காமன்வெல்த் மாநாட்டில், கயானாவின் குடியரசுத் தலைவர் டெஸ்மண்ட் ஹாய்ட், ஏறத்தாழ 9 லட்சம் ஏக்கர் காட்டை உலகோரின் ஆராய்ச்சிக்கென ஒதுக்க முன்வந்தார். அதுவே இவோக்ராமா காடு. 1996-ல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. காட்டின் ஒரு பகுதி தீண்டாமல் விடப்படும்; மறுபகுதியில் அளவோடு மரம் வெட்டலாம்; பயணிகளும் வரலாம். இயற்கைக்குக் கேடு விளைவிக்காமல், அவ்விடத்து மக்களுக்கு வருவாய் தரும் இத்தகைய பயணமே இயற்கைச் சுற்றுலா எனப்படுகிறது.

இக்காட்டை அடுத்துள்ள சுராமா என்னும் மக்கூசி கிராமத்தில், விருந்தினர் விடுதி கிராமத்தாரின் பொதுவுடைமை. வழிகாட்டிகளும் அவ்வூராரே. அவர்கள் பயணிகளுக்குக் காட்டும் பொருள்களுள் நம்மவர் நன்கறிந்த மரவள்ளிக்கிழங்கும் ஒன்று. அங்கு பயிரிடப்படும் கசப்பு வகையில் சயனைடு நஞ்சு மிகுதி. கிழங்கைத் துருவி, நீண்ட பின்னற்குழலில் இட்டு இழுத்துப் பிழிந்து, மாவை வறுத்தோ ரொட்டியாகச் சுட்டோ உண்கின்றனர். பிழிந்த சாறும் வீணாவதில்லை. நெடுநேரம் காய்ச்சினால் நஞ்சு நீங்கிக் குழம்புக்கு உதவும். பள்ளி அறியாத பெண்டிர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இரசாயன அறிவு இது.

எனினும் அராபைமா மீனின் வரலாறே நுணுகி நோக்கத்தக்கது. நன்னீர் மீன்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகிய இது 10 அடி நீளம்வரை வளரக்கூடியது. செவுள்கள் மட்டும் இதற்குப் போதா. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்திற்கு எழுந்து காற்றை உட்கொண்டாக வேண்டும். இப்பழக்கமே இதற்கு வினையாயிற்று. எழும் இடத்தை நோக்கி வேட்டையாடியதால் ருபுனுனி ஆற்றுப் பகுதியில் இம்மீன் அருகியது. 2000-ஆம் ஆண்டையொட்டி, அதே பழக்கத்தை மீனவர் எண்ணுவதற்குப் பயன்படுத்தலாயினர். எழும் ஒலியையும் அலையையும் கொண்டு ஒரு மீனை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது தேர்ந்த மீனவருக்கே இயலும். பிரேசில் நாட்டில் இம்முறையைச் சோதித்த ஆய்வாளர், மீனவரின் கணக்கு நம்பத்தக்கதே எனக் கண்டனர். வேட்டை நிறுத்தப்பட்டபின் மீன் பெருகிற்று. இன்று ரேவா கிராமத்தில், பயணிகள் தூண்டிலிட்டு அராபைமாவைப் பிடித்து, மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுகின்றனர். விடுமுன் அது மூச்சுவாங்குமாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும்; இல்லையேல் மீனும் நீரில் மூழ்கி இறக்கும்!

இவ்வருவாய் நிலையானதன்று. 2020-ல் கொள்ளைநோயால் விமானப் போக்குவரத்து நின்றபோது விடுதிகள் வெறிச்சோடின. மரவள்ளித் தோட்டத்தைக் கைவிடாதிருந்தோர் அதைக்கொண்டு சமாளித்தனர். தலைநகர் ஜார்ஜ்டவுன் பக்கமிருந்து பிரேசில் எல்லைவரை செல்லும் சாலை இவோக்ராமாவின் ஊடே செல்கிறது. பயணிகள் வருவதும் அதே வழி; தங்கம் தேடுவோர் உட்புகுவதும் அதே வழி. தங்கத்தைப் பிரிக்கப் பயன்படும் பாதரசம் ஆற்றிற் கலந்து, சிறு மீனினின்று பெரு மீனுக்கு ஏறி, ஒவ்வொரு படியிலும் செறிவு மிகுகிறது. அப்படிகளின் உச்சியில் அராபைமாவும், அன்றாடம் மீனுண்ணும் ஆற்றங்கரை மக்களும் உள்ளனர்.