பாணியும் வார்ப்புருவும்: ஆய்வேட்டில் ஒழுங்கு

ஆய்வேட்டில் தலைப்பு எனப்படுவது யாது? நடுவில் தடித்த எழுத்தில் நிற்கும் வரி என்று பலர் விடையளிப்பர். அது தலைப்பின் தோற்றம் மட்டுமே. பின்வரும் பகுதிக்குப் பெயராய் நின்று அதனை ஆளுவதே தலைப்பின் பணி. கணினியில் எழுதும்போது இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

சொற்செயலியில் ஸ்டைல் எனப்படுவதைப் பாணி என்போம். எழுத்துரு, அளவு, வரி இடைவெளி முதலிய அமைப்புகளை ஒரே பெயரின்கீழ்த் தொகுத்து வைப்பதே பாணியாகும். 1983-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் வேர்டின் முதற்பதிப்பிலேயே இவ்வசதி இருந்தது. ஆயினும் ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியே தடிக்கச் செய்து, வெற்று வரிகளால் இடைவெளி விடுவோர் இன்றும் உளர்.

இதனால் விளையும் இடர் யாது? அறுபது உட்தலைப்புகள் உள்ள ஆய்வேட்டில் அவற்றின் அளவை மாற்றும்படி வழிகாட்டி கூறுகிறார் என்று கொள்வோம். கையால் அமைத்தவர் அறுபது இடங்களில் திருத்தவேண்டும். சில இடங்கள் விடுபடுதலும் இயல்பே. பாணியைப் பயன்படுத்தியவரோ ஓரிடத்தில் திருத்தினாற் போதும். மேலும், ஹெடிங் 1, ஹெடிங் 2 என்னும் பாணிகளைக் கொண்டே வேர்டு பொருளடக்கத்தைத் தானாகத் தொகுக்கிறது. பக்க எண்கள் மாறினால் அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இவையனைத்திலும் முக்கியமானதொன்று உண்டு. பார்வையற்ற வாசகர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் படிக்கிறார். என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானில் ஒரு விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்பிற்குச் செல்ல இயலும். ஆனால் வெறுமனே தடிக்கப்பட்ட வரியை அது தலைப்பென அறியாது. அத்தகைய ஏட்டில் நான்காம் அதிகாரத்தைத் தேடும் பார்வையற்ற மாணவர் வரிவரியாகக் கடக்கவேண்டியவராகிறார். பார்வையுள்ளோருக்கு அழகு குன்றுவதோடு முடியும் குறை, அவருக்கு வாயிலையே அடைத்துவிடுகிறது.

பாணிகளையும் பக்க ஓரங்களையும் முன்னரே அமைத்துச் சேமித்த மாதிரி ஆவணமே டெம்ப்ளேட் எனப்படும் வார்ப்புரு. வேர்டில் அது டாட்எக்ஸ் என்னும் கோப்பு வகையாகவும், கட்டணமின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆஃபிஸில் ஓடிடி என்னும் வகையாகவும் சேமிக்கப்படும். ஒரு கல்லூரி ஒரே வார்ப்புருவை எல்லா மாணவருக்கும் வழங்கினால், வழிகாட்டியின் நேரம் ஓர அளவுகளைத் திருத்துவதில் வீணாகாமல் கருத்துகளை ஆராய்வதில் செலவாகும்.

தமிழில் எழுதுவோர் இரண்டு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, வேர்டு தமிழைச் சிக்கல் எழுத்துமுறைகளுள் ஒன்றாகக் கருதி, அதற்கான எழுத்துருவையும் அளவையும் தனியே குறித்துக்கொள்கிறது. ஆங்கில எழுத்திற்கு மட்டும் பாணி அமைத்தால் தமிழ் எழுத்து மாறாது நிற்கும். இரண்டாவது, ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளில் தமிழ் வடிவங்களை ஏற்றிய பழைய எழுத்துருக்களில் அமைந்த கட்டுரைக்கு வேறு எழுத்துருவைக் கொண்ட பாணியை இட்டால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். ஆகவே முதலில் அதனை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

தலைப்பு, உட்தலைப்பு, உரை, நீண்ட மேற்கோள் என்னும் நான்கு பாணிகளே தொடக்கத்திற்குப் போதுமானவை. அவற்றை முதல் அதிகாரத்தை எழுதுமுன்னரே அமைத்துக்கொள்வோமாக. ஒவ்வொரு பத்திக்கும் உரிய பெயரை இடும்போது, நம் ஏட்டைக் கண்ணால் காண்போரும் செவியால் கேட்போரும் அதனுள் ஒன்றுபோல் வழி கண்டு செல்வர்.