எஸ்.ஐ. வேலையும் இந்திய ஜெர்சியும்: ‘செமி புரொபஷனல்’ கால்பந்து எப்படி இயங்குகிறது?

2020 ஊரடங்கு நேரம். சென்னையில் பாதுகாப்புப் பணியில் இருந்த காவல் உதவி ஆய்வாளர்களில் ஒருவர் இந்துமதி கதிரேசன். அதற்கு ஓராண்டுக்கு முன்பு, 2019 மார்ச்சில், நேபாளத்தின் பிராட்நகரில் நடந்த தெற்காசிய மகளிர் கால்பந்துத் தொடரை இந்தியா வென்றது. அந்தத் தொடரில் 4 கோல் அடித்தவரும் இதே இந்துமதிதான்.

அப்போ அவருக்குக் கால்பந்து வேலையா, போலீஸ் வேலையா? ரெண்டும்தான். இப்படி ஒரு காலை வேலையிலும் இன்னொரு காலை மைதானத்திலும் வைத்திருப்பவர்களைத்தான் ‘செமி புரொபஷனல்’ என்கிறார்கள். இது எப்படி நடக்குது, ஏன் நடக்குது? பார்ப்போம்.

செமி புரொபஷனல்னா என்ன?

ஃபிஃபா விதிகளில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்து, ஆடுவதற்கு ஆகும் செலவைவிட அதிகமாகப் பணம் வாங்கினால் நீங்கள் தொழில்முறை வீரர். மற்ற எல்லோரும் அமெச்சூர். நடுவில் இருப்பவர்களுக்கு மக்கள் வைத்த பெயர்தான் செமி புரொபஷனல்.

இந்த வாழ்க்கைக்குப் பேர் போன நாடு இங்கிலாந்து. அங்கே கீழ்மட்ட லீக்குகளில் ஆடும் பலர் பகலில் வேலை பார்ப்பார்கள். வாரத்தில் ஓரிரு மாலை பயிற்சி, சனிக்கிழமை மேட்ச். ஜேமி வார்டி ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் கிளப்பில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடியபோது, மருத்துவ உபகரணத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். 2012-ல் லெஸ்டர் சிட்டிக்குப் போனார். 2016-ல் பிரீமியர் லீக் சாம்பியன்!

நம்ம ஊர்க் கதை ஏன் வேற?

வார்டிக்குத் தொழிற்சாலை வேலை என்பது கால்பந்து சோறு போடும் வரைக்கும் தாங்கிப் பிடித்த ஊன்றுகோல். கால்பந்து கைகொடுத்ததும் வேலையை விட்டார். தமிழ்நாட்டில் கதை பெரும்பாலும் தலைகீழ். இங்கே பலர் நன்றாக ஆடி, அந்த ஆட்டத்தை வைத்து ஒரு நிரந்தர வேலைக்குள் போகிறார்கள்.

சென்னை லீக்கில் ஆடிய அணிகளின் பெயரைப் பாருங்கள்: ஐசிஎஃப், இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ். எல்லாமே அலுவலகங்கள்! தமிழ்நாடு காவல்துறை உதவி ஆய்வாளர் தேர்விலும் விளையாட்டு ஒதுக்கீடு 10 சதவீதம் உண்டு.

இந்துமதியின் பாதை

1994-ல் பிறந்த இந்துமதிக்குச் சொந்த ஊர் கடலூர். 2018 பிப்ரவரியில் ஒடிசாவில் நடந்த தேசிய மகளிர் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில், பலமுறை சாம்பியனான மணிப்பூரை 2-1 என வீழ்த்தி, தமிழ்நாடு முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அந்த அணியில் அவர் இருந்தார்.

அடுத்த ஆண்டு மதுரையின் சேது எஃப்சி அணிக்காக இந்திய மகளிர் லீக்கில் ஆடினார். 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று சேது சாம்பியன் ஆனது. 2022-ல் இந்தியாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியிலும் இடம்பிடித்தார். ஆனால் ஈரானுடன் டிரா செய்த கையோடு அணிக்குள் கொரோனா பரவ, இந்தியா தொடரைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று.

வேலையை விட்டுட்டு முழுநேரமா ஆட முடியாதா?

இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்கணும். 2023 அறிவிக்கையின்படி எஸ்.ஐ. ஊதிய விகிதம் ரூ.36,900-ல் தொடங்குகிறது. 12 மாதத்துக்கு ரூ.4.43 லட்சம். அகவிலைப்படி, பதவி உயர்வு எல்லாம் இதற்கு மேல்.

அதே 2023-ல் அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு, மகளிர் லீக் கிளப்புகள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்த தொகை ஆண்டுக்கு ரூ.3.2 லட்சம். அதாவது மாதம் சுமார் ரூ.26,700. காயம்பட்டால்? ஒப்பந்தம் முடிந்தால்? அதற்கு அந்தத் தொகையில் பதில் இல்லை.

இன்னொரு விஷயம், சீசனின் நீளம். சேது ஜெயித்த 2019 லீக், ஒரே ஊரில் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டது. சொந்த ஊர், எதிரணி ஊர் என மாறி மாறி ஆடும் முறை 2023-24 சீசனில்தான் வந்தது. வருஷத்தில் மூன்று வாரம் நடக்கும் லீக்கை நம்பி யார் வேலையை விடுவார்கள்?

சரி, ஆண்களுக்கு ஐஎஸ்எல் இருக்கே என்று கேட்கலாம். 2025 ஆகஸ்டில் லீக்கின் ஒப்பந்தச் சிக்கலால் அடுத்த சீசன் நடக்குமா என்பதே கேள்விக்குறியானது. பெங்களூரு எஃப்சி வீரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளை நிறுத்தியது. நாட்டின் உச்ச லீக்குக்கே இந்த நிலை என்றால், ‘கவர்மென்ட் வேலைதான் சேஃப்’ என்று வீட்டில் சொல்வதைத் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. டியூட்டி முடிந்த பிறகுதான் பயிற்சி. முகாமுக்குப் போகத் துறையின் அனுமதி வேண்டும். முழுநேரம் ஆடுவதையே தொழிலாகக் கொண்ட நாடுகளை எதிர்த்து, நேரம் பிரித்து ஆடுபவர்களும் களமிறங்க வேண்டியிருக்கிறது.

தேனி, கம்பம் பக்கம் ஆடுறவங்க என்ன கவனிக்கணும்?

தேனியிலிருந்து சுமார் 75 கி.மீ. தொலைவில் உள்ள மதுரையில்தான், தேசிய லீக்கை வென்ற சேது இருக்கிறது. மதுரை - தேனி ரயிலும் 2022 மே முதல் மறுபடி ஓடுகிறது. தூரம் பெரிய தடை இல்லை. பலர் கோட்டைவிடுவது காகிதத்தில்.

விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு மூன்று படிவங்கள் உள்ளன. நாட்டுக்காக ஆடியிருந்தால் படிவம் 1. தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியிருந்தால் படிவம் 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 3. ஞாயிற்றுக்கிழமை ‘செவன்ஸ்’ டோர்னமென்ட்டில் நீங்கள் எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும், இந்த மூன்றில் எதிலும் அது வராது.

வயது இன்னொரு கெடு. எஸ்.ஐ. தேர்வுக்குப் பொதுவான வயது வரம்பு 20 முதல் 30. ஒரு கால்பந்து வீரரின் உச்ச காலமும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் பள்ளியில் நன்றாக ஆடும் ஒரு பெண்ணோ பையனோ உங்கள் வீட்டில் இருந்தால், மாவட்ட, மாநில அணித் தேர்வுகள் எப்போது என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். கல்லூரி சேரும்போது, பல்கலைக்கழக அணிக்கு ஆட அனுப்புவார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். ஆடும்போதே சான்றிதழைக் கையெழுத்தோடு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 28 வயசுல தேடினா, ஆடினதுக்குச் சாட்சி ஆல்பத்துல இருக்கிற போட்டோ மட்டும்தான்.