படிக்கு வெளியே நிற்பவள்

விருத்தாசலத்திலே, பீங்கான் சூளைத் தோழர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு பள்ளிவாசல் ஜமாத்தின் பக்கம் திரும்பிற்று. "அது அவர்கள் பாடு, நமக்கென்ன?" என்றார் ஒரு தோழர்.

ஜமாத் என்றால் தொழுகைக்குக் கூடும் கூட்டம் மட்டும்தானா? அன்று, தோழரே! அது ஓர் ஊராட்சி. வீட்டுக்கு வீடு வரி வாங்குகிறது. நிக்காஹ் பதிவேட்டைக் காக்கிறது. செத்தவனுக்கு அடக்க இடம் தருகிறது. அண்ணன் தம்பி பாகத் தகராறா, புருஷன் பெண்டாட்டி சச்சரவா, முத்தவல்லியின் முன்னே வருகிறது. கூலிக்காரனுக்கு வக்கீல் கட்டணம் ஏது? வாய்தாவுக்கு அலைய நாள் ஏது? நாலு பேர் உட்கார்ந்து அன்றைக்கே முடித்து வைத்தால், அவனுக்கு அது பெரிய உதவி. மறுப்பார் யார்?

ஆனால், அந்த அவையிலே பெண் எங்கே? முறையீடு அவளுடையது, முறிந்தது அவள் வாழ்வு. ஆனாலும், "அப்பனை அனுப்பு, அண்ணனை அனுப்பு" என்பார்கள். பேசுவதும் ஆண், கேட்பதும் ஆண், தீர்ப்பதும் ஆண்! அவளோ படிக்கு வெளியே!

புதுக்கோட்டையிலே தாவூத் ஷரீஃபா கானம் இதைத்தான் கேட்டார். கேட்டதோடு நின்றாரா? 2000-களின் தொடக்கத்தில் பெண்களே கூடி வழக்குக் கேட்கும் ஜமாத்தை அமைத்தார். தலாக், வரதட்சணை, ஜீவனாம்சம் என்று பல மாவட்டங்களிலிருந்து மனுக்கள் வந்து குவிந்தன. பேசித் தீராதவை காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் போயின. பள்ளிவாசல் இல்லாமல் ஜமாத்தா என்று கேலி பேசினர். பெண்களுக்கென்று ஒரு பள்ளிவாசலே கட்டுவோம் என்று கிளம்பினார் அந்த அம்மையார்! எதிர்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? தீபா தன்ராஜ் 2011-இல் அந்தப் பெண்களின் பணியை ஆவணப்படமாகவே எடுத்தார்.

கோர்ட்டும் சும்மா இருக்கவில்லை. ஃபத்வாவுக்குச் சட்ட வலுவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. காஜி தரும் தலாக் சான்றிதழ் வெறும் அபிப்பிராயமே என்று, பதர் சயீத் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் கூறிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில், ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கும் செல்லாது என்றாயிற்று.

சரி, நம் பக்கம் பார்ப்போமா? ஆலமரத்தடிப் பஞ்சாயத்திலே, சாதிச் சங்கக் கூட்டத்திலே, எத்தனை பெண்களுக்குப் பாய் விரித்தோம்?

"நமக்கென்ன" என்ற தோழர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: அவர் தங்கையின் வழக்கை ஊர் பேசியபோது, அவள் கொல்லைப்புறத்தில் நின்றிருந்தாளாம்.