ஃப்ளெக்ஸ்னெஸின் பூர்வீகம் எது?

நோர்வேயின் தலைசிறந்த நகைச்சுவைத் தொடர் எது? இந்தக் கேள்வி எழுந்தால் ஒஸ்லோவில் வாக்குவாதம் சூடுபிடிக்கும். தொண்ணூறுகளில் வளர்ந்தவர்கள் ‘மூத் ஈ ப்ரெஸ்தெ’ என்பார்கள். மூத்தவர்களோ ‘ஃப்ளெக்ஸ்னெஸ்’தான் என்று அடித்துச் சொல்வார்கள்.

1972இல் என்ஆர்கே தொலைக்காட்சியில் தொடங்கியது அது. ரோல்வ் வேசன்லுன்ட் நடித்த மார்வே ஃப்ளெக்ஸ்னெஸ், ரத்ததானம் செய்யப் போனாலும் அங்கேயும் ஓர் அமர்க்களம் பண்ணிவிட்டுத்தான் வருவார்.

ஒரு வேடிக்கை தெரியுமா? அசல் நோர்வேக்காரர் என்று எல்லாரும் கொண்டாடும் இவருடைய பூர்வீகம் லண்டன்! ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர்கள், பிபிசியில் டோனி ஹான்காக் நடிக்க எழுதிய கதைகள்தான் இங்கே நோர்வே வேடம் கட்டின.

பக்கத்து வீட்டு நோர்வேப் பெரியவரிடம் ஃப்ளெக்ஸ்னெஸ் பேச்சை எடுங்கள், சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது!