சித்திரக் கதைகளும் ஓர் அமானிதமும்

திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்துக் கடைகளில், வார இதழ்களுக்கு நடுவே கயிற்றில் தொங்கிய சித்திரக் கதைப் புத்தகங்களை, இன்று நடுவயதை எட்டியோர் மறந்திருக்க மாட்டார்கள்.

1972இல் சிவகாசியில் 'முத்து காமிக்ஸ்', 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கியது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த நாயகன், 1962இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் பிறந்தவன். 1984இல் 'லயன் காமிக்ஸ்', 'ராணி காமிக்ஸ்' ஆகியனவும் வந்தன. 'ராணி' 2005இல் நின்றுபோனது. சிவகாசி இதழ்கள் இன்றும் வருகின்றன.

படிப்பைக் கெடுக்கும் என்று அவற்றைப் பெற்றோர் பறித்து ஒளித்ததுண்டு. ஆயினும், எழுத்துக்கூட்டி வாசித்த சிறுவர் பலரைச் சரளமாக வாசிக்க வைத்தவை அவையே.

ஒரு புத்தகம் பல வீடுகளுக்குச் சென்றது. கிழிக்காமல், சொன்ன நாளில் திருப்பித் தந்தவனுக்கே அடுத்த புத்தகம் கிடைத்தது. தெருவோ மதமோ அதற்குத் தடையாகவில்லை. இரவல் பொருளும் அமானிதமே. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு திருமறை (4:58) பணிக்கிறது. அந்தப் பாடத்தைச் சிறுவர்கள் விளையாட்டாகவே பழகிக்கொண்டனர். பழைய வாசகர்கள் கூடிப் பேசும்போது, கதைக்கு முன்பாகப் புத்தகம் தந்த நண்பனின் பெயர் நினைவுக்கு வருவது இதனால்தான்.

பெற்றோரே! ஓதுமாறு ஏவும் கட்டளையுடன் இறங்கத் தொடங்கிய வேதத்தை உடையவர்கள் நாம். பிள்ளைகளின் கையிலுள்ள புத்தகத்தைப் பறிக்க வேண்டாம். முதலில் நாம் படித்துப் பார்த்து, வயதுக்கு ஏற்றதைத் தேர்ந்து கொடுப்போம். படித்து முடித்ததும், அண்டை வீட்டுப் பிள்ளைக்கு இரவல் தரவும் பழக்குவோம்.