விரற்கடை நீரும் உள்ளான் கூட்டமும்

காவிரிப் படுகையில் புரட்டாசி மாதம் சம்பா நடவுக்காகத் தொழி அடித்து, பரம்பு ஓட்டிப் போட்ட வயலைப் பாருங்கள். வெறும் சேறு என்றுதான் தோன்றும். வரப்பில் அசையாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால், சேற்றுக் கட்டிகள் என்று நினைத்தவற்றில் பல நடக்கத் தொடங்கும். அவை உள்ளான்கள்.

அவற்றில் எளிதில் கண்ணில் படுவது பொறி உள்ளான். முதுகெங்கும் வெண்பொறிகள், கண்ணுக்கு மேல் வெளிர்ந்த புருவக் கோடு, நிற்கும்போதும் அடிக்கடி ஆடும் வால். வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் உள்ள சதுப்பு நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே கோடை முடியும் முன்பே தெற்கே கிளம்பிவிடும். ஆகஸ்டிலேயே முதல் பறவைகள் நம் பக்கம் தென்படும். உடம்பில் சேர்த்த கொழுப்பை வழியெல்லாம் எரித்துவிட்டு வரும் அவற்றுக்கு உடனே தீனி வேண்டும். உழுது நீர் கட்டிய வயலில் மண்புழுவும் பூச்சிகளும் மேலே வந்து கிடக்கின்றன. நத்தைகளும் சிவந்த இளம்புழுக்களும் சேற்றில் பெருகுகின்றன.

ஆனால் நீரின் ஆழம் சரியாக இருக்க வேண்டும். இவை வாத்துகளைப் போல நீந்தி மேய்பவை அல்ல. கால் எட்டும் வரைதான் இவற்றின் மேய்ச்சல். சுமார் 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளானுக்கு ஈரம் கசியும் சேறே போதும். பொறி உள்ளானுக்கு விரற்கடை நீர் வேண்டும். கருவால் மூக்கன் வயிறு நனையும் ஆழத்திலும் இறங்கும். மேடும் பள்ளமுமான வயல் நடவுக்குத் தொல்லைதான். ஆனால் அங்கேதான் பல இனங்களைச் சேர்த்துப் பார்க்கலாம்.

கருவால் மூக்கனின் அலகு எனக்குத் தீராத வியப்பு. சுமார் 10 செ.மீ. நீளமுள்ள அதைச் சேற்றில் அடிவரை செருகிவிட்டால் வாய் திறக்க இடம் ஏது? அதனால் மேலலகின் நுனியை மட்டும் தனியே உயர்த்துகிறது. நுனியில் தசை கிடையாது. மண்டையோட்டுத் தசைகள் கொடுக்கும் விசை மெல்லிய எலும்புகள் வழியாக நுனிவரை போய் அதை வளைக்கிறது. நுனி எலும்பின் சிறு குழிகளில் அழுத்தத்தையும் அதிர்வையும் அறியும் உணர்விகள் நிறைந்திருக்கின்றன. பார்க்காமலே புழுவைக் கண்டுபிடிக்க அவை போதும். பக்கத்திலேயே மேயும் பட்டாணி உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு, பெரிய கண். நாலு எட்டு ஓடும், சட்டென நிற்கும், பார்த்துக் கொத்தும். புதிதாகப் பார்க்க வருபவர்கள் நிறத்தைவிட இந்த மேய்ச்சல் முறையைக் கவனிப்பதே நல்லது. வெயில் முதுகில் படும்படி உட்காருங்கள்; சாதாரண தொலைநோக்கி போதும்.

ஆற்றில் தண்ணீர் தாமதமானால் கடைமடையில் புழுதி விதைப்புக்குப் போய்விடுகிறார்கள். உழவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆனால் அந்த ஆண்டு அங்கே சேற்று வயலும் இல்லை, உள்ளானும் இல்லை. குருணை மருந்துகளில் சில பறவைகளையும் கொல்லும் நஞ்சு. நீர் கட்டிய வயலில் அவற்றைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

நட்ட பயிர் தூர் கட்டி வயலை மூடியதும் கூட்டம் கலைந்து ஏரிக்கரைகளுக்கும் கோடியக்கரை, முத்துப்பேட்டைச் சேற்றுவெளிகளுக்கும் போய்விடும். கோரை உள்ளான் பயிருக்குள்ளேயே பதுங்கி இருக்கும். களை பறிப்பவர்கள் மிதிக்கும் தூரத்துக்கு வந்த பிறகுதான் விருட்டென்று எழுந்து கோணல்மாணலாகப் பறக்கும்.